வியாழன், பெண்களுக்கான நேரம்

நூர்மெஸ் நகராட்சி நீச்சல்குளத்தில்
வியாழன் ஆறு முதல் எட்டு வரை
சவுனா பெண்களுக்கு.
நான் போனபோது ஒருத்தி இருந்தாள்,
மேல் பலகையில், சுவரில் சாய்ந்து,
எல்லாரையும் போல ஒன்றும் உடுத்தாமல்.
"ஹெய்" என்றாள். "ஹெய்" என்றேன்.
இந்த ஊரில் அதற்கு மேல் பேசினால்
ஏதோ விற்க வந்தவள் என்று நினைப்பார்கள்.

துண்டை நகர்த்தி இடம் விட்டாள்.
கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன்,
அவள் எனக்கு ஒரு வெளிர்நிற மூட்டம்.

கல்லில் தண்ணீர் ஊற்ற அகப்பையை எடுத்தாள்.
பாதி பலகையில் கொட்டியது.
மன்னிப்புக் கேட்டாள், பலகையிடமா என்னிடமா தெரியவில்லை.
குனிந்து பார்த்தேன்.
சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியே இருந்தன.
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை
தையல் தடம்,
இன்னும் இளஞ்சிவப்பாக.

எனக்கு அந்தக் கையைத் தெரியும்.

நவம்பரில் என் கைபேசியில் வந்த கை.
வேலி தாண்டி வந்த ஓநாய்கள்
ஹல்லி என்ற நாயைக் கவ்வியபோது
கழுத்துப்பட்டையை விடாமல் இழுத்த கை.
சைமி கர்வினென் என்று சொந்தப் பெயரில் எழுதியிருந்தாள்.
கடித்தது ஓநாயா, வலியில் ஹல்லியேதானா,
இருட்டில் தெரியவில்லை
என்றும் எழுதியிருந்தாள்.
எழுதாமல் விட்டிருக்கலாம்.
யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டேன்.
'உன் நாயே உன்னைக் கடித்திருக்கிறது.
புத்திசாலி நாய்.'
வடகாற்று27 என்பது நான்.
இருநூற்றுப் பதினான்கு பேர் சிரித்தார்கள்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்,
பேருந்தில், ரொட்டி வரிசையில், படுக்கையில்.

நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள்.
கை நடுங்குகிறவர்களுக்கு
மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி ஒட்டுகிறவள்.
பின்னால் யாராவது வந்தால்
கதவைப் பிடித்தபடி பனியில் நிற்கிறவள்.
ஓநாய்களின் கால்தடம் எண்ணக் காட்டுக்குப் போகிறவள்,
சம்பளம் இல்லாமல்.
சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள்.
என் சட்டியில் அது எப்போது விழுந்தது?

"நான் ஊற்றட்டுமா?"
தந்தாள், பிடியை என் பக்கமாகத் திருப்பி.
"எவ்வளவு?"
"உனக்குத் தாங்கும் அளவு."

கல் சீறியது. ஆவி கூரையில் முட்டித் திரும்பி
இரண்டு முதுகிலும் இறங்கியது.
ஒரே மாதிரித் தலை குனிந்தோம்.
கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே சொன்னாள்:
சூடு நல்லதாம்,
வசந்தத்துக்குள் ஒரு விரலாவது நிமிருமாம்.
வாய் திறந்தேன். உள்ளே போனது வெப்பம் மட்டும்.
நவம்பரில் நான்கு நொடி எடுத்தது எனக்கு,
ஆறு சொல்லுக்கு.
இங்கே ஒன்று வரவில்லை.
"உனக்கு ரொம்பச் சூடாக இருக்கிறதா?" என்றாள்.
இல்லை என்றேன்.

இரவு அதை அழிக்கப் போனேன்.
அடியில் அவள் பதில் இருந்தது,
நான் பார்க்காமலே விட்டது,
அதிகாலை மூன்று பத்துக்கு எழுதியது:
'நீ யாரென்று தெரிந்தால்
உன்னை அதே வேலியில் கட்டிவைத்துவிட்டு
கதவைத் திறந்துவிட்டுப் போவேன்.'
துண்டை நகர்த்தி இடம் விட்டவள்.
பலகையிடம் மன்னிப்புக் கேட்டவள்.
எத்தனை முறை படித்தேனோ.
ஒற்றைக் கையால் அடித்திருப்பாள்,
ஒவ்வோர் எழுத்தாக.

நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது.
ஆம்.
என் வரியோடு அவள் வரியும் போய்விட்டது.
அது நடக்கும் என்று எனக்குத் தெரியாது.
அவள் கோபத்தை அவளைக் கேட்காமல் அழித்துவிட்டேன்,
அதையும்.

அடுத்த வியாழன் வெளியே மைனஸ் இருபத்தாறு.
போகவேண்டாம் என்று நினைத்து, போனேன்.
அவள் வாளியைக் காலருகே வைத்துக்கொண்டு
ஊற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.
என்னைப் பார்த்ததும் அகப்பையை நீட்டினாள்.
"போன வாரம் நன்றாக ஊற்றினாய்.
உன் பெயர் என்ன?"

சொன்னேன்,
இரண்டில் ஒன்றை.